கிப்ஸ் கணக்கில் விடை தப்பினால்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

ஒரு வினை எந்தத் திசையில் போகும், எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்று சொல்லும் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் பாடத்தில் சூத்திரங்கள் மொத்தமே மூன்று நான்குதான். ஆனாலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் எடுக்கும் டியூஷன் வகுப்பில், தேர்வு நெருங்கும்போது அடிக்கடி காதில் விழுவது, "சார், சூத்திரம் சரிதான், விடை மட்டும் வரமாட்டேங்குது" என்பதுதான். ஒரு நல்ல செய்தி: இந்தப் பாடத்தில் தப்பான விடை கண்டபடி வராது. எங்கே சறுக்கினீர்களோ அதன் தடயம் விடையிலேயே இருக்கும். எண்ணைப் பார்த்தாலே பாதி நேரம் பிழையின் இடத்தைச் சொல்லிவிடலாம்.

பிழைகள் இரண்டு வகை. முதல் வகையில் எண்ணே தப்பு. அலகு, வெப்பநிலை, அட்டவணை, இப்படி ஏதோ ஒன்று. இரண்டாம் வகையில் எண் சரி, ஆனால் கண்முன் நடப்பதோடு ஒத்துப்போகவில்லை. மதிப்பெண் போவது பெரும்பாலும் முதல் வகையில். பாடம் புரியாமலே போவது இரண்டாம் வகையில். என் கணிப்பில் அந்த இரண்டாம் வகை பெரும்பாலும் ஒரே குழப்பத்தின் பிள்ளைகள்: டெல்டா ஜி (வினையில் கிப்ஸ் ஆற்றல் மாறும் அளவு), டெல்டா ஜி நாட் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது. தலையில் சின்ன வட்டம் போட்ட 'நாட்' திட்ட நிலைக்கானது. ஒவ்வொரு வாயுவும் 1 பார், கரைசல் என்றால் லிட்டருக்கு 1 மோல், வெப்பநிலை இன்னது என்று கட்டிவைத்த மதிப்பு. வட்டமில்லாதது இந்த நிமிடம் உங்கள் குடுவையில் இருக்கும் கலவைக்கானது. அதை அப்புறம் விரிவாகப் பார்ப்போம். முதலில் எண்கள்.

கே விசித்திரமாக வருகிறது

எல்லாருக்கும் தெரிந்த அம்மோனியா வினையையே எடுத்துக்கொள்வோம். ஒரு மோல் நைட்ரஜனும் மூன்று மோல் ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு மோல் அம்மோனியா. 25 பாகை செல்சியஸில் டெல்டா ஜி நாட் −32.9 கிலோஜூல். சமநிலை மாறிலி கே என்ன?

டெல்டா ஜி நாட் = −ஆர் டி எல்என் கே. ஆர் என்ற வாயு மாறிலி 8.314, டி என்ற கெல்வின் வெப்பநிலை 298.15, எல்என் என்பது இ-யை அடியாகக் கொண்ட மடக்கை. இரண்டையும் பெருக்கினால் 2479 ஜூல். 32,900-ஐ 2479-ஆல் வகுத்தால் 13.27. இ-யின் 13.27-ஆம் அடுக்கு 5.8 × 10⁵. இதுதான் சரியான விடை. இப்போது உங்கள் விடையை எடுங்கள்.

1.013 வந்ததா? கிலோஜூலை ஜூலாக்க மறந்துவிட்டீர்கள். 32.9-ஐ 2479-ஆல் வகுத்தால் 0.0133தான் கிடைக்கும், இ-யின் 0.0133-ஆம் அடுக்கு 1-ஐ ஒட்டியே நிற்கும். எந்தக் கணக்கைப் போட்டாலும் கே 1.00, 1.02, 0.99 என்று ஒன்றைச் சுற்றியே வருகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

10⁶⁸ மாதிரி வந்ததா? டி இருக்கும் இடத்தில் 25 போட்டிருக்கிறீர்கள். கெல்வினுக்கு மாற்றுங்கள்.

கால்குலேட்டர் மேத் எரர் என்கிறதா? ஆர் மதிப்பாக 0.0821 போட்டிருப்பீர்கள். அது லிட்டர், அட்மாஸ்பியர் கணக்குக்கான ஆர். வாயுச் சமன்பாட்டுப் பாடத்திலிருந்து கையோடு வந்துவிட்டது. அதை வைத்து வகுத்தால் அடுக்கு 1344 ஆகிறது, பாவம் கால்குலேட்டர் என்ன செய்யும்.

1.9 × 10¹³ வந்தால், இ-யின் அடுக்குக்குப் பதிலாகப் பத்தின் அடுக்கை அழுத்தியிருக்கிறீர்கள். 1.7 × 10⁻⁶ வந்தால் மைனஸ் குறி எங்கோ விழுந்துவிட்டது. இந்த இரண்டாவதைக் கணக்குப் போடாமலே பிடித்திருக்கலாம்: டெல்டா ஜி நாட் மைனஸ் என்றால் கே ஒன்றைவிடப் பெரிது, ப்ளஸ் என்றால் சிறிது. பேனாவைக் கீழே வைக்கும் முன் இதை ஒருதரம் பாருங்கள்.

6.1 × 10⁵ வந்தால் கவலையே வேண்டாம். அட்டவணைக்கு அட்டவணை தசமத்தில் சற்று மாறும். கே அடுக்கில் உட்கார்ந்திருப்பதால், டெல்டா ஜி நாட்டில் அரை கிலோஜூல் நகர்ந்தாலே கே இருபது விழுக்காட்டுக்கு மேல் மாறிவிடும். பத்தின் அடுக்கு ஒத்துவந்தால் போதும்.

என் விடை ஒன்று, புத்தகத்தின் விடை ஒன்று. இரண்டிலும் பிழை தெரியவில்லை

இதே கேள்விக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 762 என்று போட்டிருந்தால்? 5.8 × 10⁵-இன் வர்க்கமூலம் அது. அந்தப் புத்தகம் வினையை அரை நைட்ரஜன், ஒன்றரை ஹைட்ரஜன், ஓர் அம்மோனியா என்று எழுதியிருக்கும். சமன்பாட்டைப் பாதியாக்கினால் டெல்டா ஜி நாட் பாதியாகும், கே-வுக்கு வர்க்கமூலம். திருப்பி எழுதினால் டெல்டா ஜி நாட்டின் குறி மாறும்; கே தலைகீழாகும். சமன்பாடு இல்லாமல் கே-வை மட்டும் சொல்வது முகவரி இல்லாமல் வீட்டு எண்ணை மட்டும் சொல்வது போல.

3.6 × 10⁸ என்று இருந்தால் அது செறிவில் சொன்ன கே. வாயு வினையில் டெல்டா ஜி நாட்டிலிருந்து நேரடியாகக் கிடைப்பது பகுதி அழுத்தத்தில் சொன்ன கே. இந்த வினையில் வாயு மோல்கள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைவதால் இரண்டுக்கும் இடையே ஆர்டி-யின் வர்க்கம் நிற்கிறது, அதாவது சுமார் 614 மடங்கு. இந்த ஒரு இடத்தில் மட்டும் ஆர் 0.0831, லிட்டர், பார் கணக்கு.

டெல்டா ஜி ஆயிரக்கணக்கில் வருகிறது

அதே அம்மோனியா வினைதான். டெல்டா எச், அதாவது என்தால்பி (வெப்ப) மாற்றம், −92.2 கிலோஜூல். டெல்டா எஸ், அதாவது என்ட்ரோபி (சிதறலின் அளவு) மாற்றம், கெல்வினுக்கு −198.8 ஜூல். டெல்டா எச்-இலிருந்து டி டெல்டா எஸ்-ஐக் கழித்தால் +59,180 வருகிறதா? எச் கிலோஜூலில், எஸ் ஜூலில். என்ட்ரோபியை 1000-ஆல் வகுத்துவிட்டுப் போடுங்கள், −32.9 வந்துவிடும். இதைவிடச் சொல்ல ஒன்றுமில்லை.

வினை என்தால்பி சரி, டெல்டா ஜி மட்டும் பத்துக்கணக்கில் தள்ளி நிற்கிறது

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து ஒரு மோல் திரவ நீர். விடை −237.1 கிலோஜூல் வர வேண்டும். உங்களுக்கு −306.7 வந்தால், தனிமங்களின் என்ட்ரோபியைப் பூஜ்யம் என்று எடுத்திருக்கிறீர்கள்.

இது படிக்கிற பிள்ளைகளே செய்யும் தப்பு. தனிமங்களின் உருவாதல் என்தால்பி பூஜ்யம், உருவாதல் கட்டிலா ஆற்றலும் பூஜ்யம் என்று மனப்பாடம் செய்த கையோடு என்ட்ரோபிக்கும் பூஜ்யம் போட்டுவிடுவார்கள். என்ட்ரோபிக்கு அப்படிச் சலுகை கிடையாது. அதன் பூஜ்யம் நாம் வசதிக்காக வைத்ததல்ல. வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதிப்படி, பூஜ்யம் கெல்வினில் குறையில்லாத படிகத்துக்குத்தான் அது. 25 பாகையில் ஹைட்ரஜனுக்கு 130.7, ஆக்சிஜனுக்கு 205.2, திரவ நீருக்கு 69.9 ஜூல். 69.9-இலிருந்து 130.7-ஐயும், 205.2-இல் பாதியையும் கழித்தால் −163.4. இனி −285.8 என்ற டெல்டா எச்-ஓடு சேர்த்துப் பாருங்கள்.

−228.6 வந்தால் கணக்கு சரி, வரிதான் தப்பு. அட்டவணையில் நீராவியின் வரியைப் படித்துவிட்டீர்கள்.

டெல்டா ஜி நாட் ப்ளஸ்; ஆனாலும் வினை நடக்கிறது

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும்.

மேலே சொன்ன −228.6-க்கும் −237.1-க்கும் உள்ள வித்தியாசம், தசமத்தைச் சரியாக எடுத்தால், +8.6 கிலோஜூல். திரவ நீர் 25 பாகையில் ஆவியாவதற்கான டெல்டா ஜி நாட் இது. ப்ளஸ். அப்படியென்றால் நீர் தானாக ஆவியாகக் கூடாது. ஆனால் செந்தூல் அடுக்குமாடியில் கம்பியில் போட்ட துணி காய்ந்துகொண்டுதானே இருக்கிறது?

அந்த +8.6 எதைச் சொல்கிறது என்று பாருங்கள். நீராவியின் அழுத்தம் 1 பாராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கான பதில் அது. வீட்டுக் காற்றில் நீராவி 1 பார் இருந்தால் நாம் உயிரோடு இருக்க மாட்டோம். கே-வைக் கணக்கிட்டால் 0.032 வரும். தூய நீருக்குத் தனியாக அழுத்தம் போட வேண்டியதில்லை என்பதால் கே என்பதே நீராவியின் சமநிலை அழுத்தம்: 0.032 பார். 25 பாகையில் நீரின் ஆவி அழுத்தத்தை அட்டவணையில் பாருங்கள், 3.17 கிலோபாஸ்கல். அதே எண். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது. யாரோ கலோரிமானியில் அளந்த வெப்ப மதிப்புகளைக் கூட்டிக் கழித்தால் துணி காயும் எல்லை கிடைக்கிறது.

சரி, துணி காய்வதை எப்படிச் சொல்வது? டெல்டா ஜி = டெல்டா ஜி நாட் + ஆர் டி எல்என் க்யூ. க்யூ என்பது வினை குணகம். கே-யின் அதே வடிவம், ஆனால் இப்போது இருக்கும் அழுத்தங்களைப் போட்டது. இந்தச் சூத்திரத்தைச் சுருக்கினால் டெல்டா ஜி = ஆர் டி எல்என் (க்யூ / கே). காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் க்யூ / கே 0.8. டெல்டா ஜி சுமார் −0.55 கிலோஜூல். மைனஸ். காய்கிறது. மழை பெய்து ஈரப்பதம் நூறைத் தொட்டால் க்யூ / கே ஒன்று, டெல்டா ஜி பூஜ்யம், துணி மறுநாளும் ஈரம். இத்தனைக்கும் டெல்டா ஜி நாட் அசையவே இல்லை.

வாயு வினையிலும் இப்படித்தான். நிறமில்லாத டைநைட்ரஜன் டெட்ராக்சைடு பிரிந்து பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடு ஆவதற்கு டெல்டா ஜி நாட் +4.7 கிலோஜூல், கே சுமார் 0.15. 1 பார் மொத்த அழுத்தத்தில் அது ஏறத்தாழ 19 விழுக்காடு பிரிந்து நிற்கும். தூய தொடக்கப் பொருளை மட்டும் வைத்துத் தொடங்கினால் க்யூ பூஜ்யம், எல்என் க்யூ மைனஸ் முடிவிலியை நோக்கிப் போகிறது. ஆக எந்த வாயு வினையும் தொடக்கத்தில் துளியாவது முன்னால் நகரவே செய்யும். டெல்டா ஜி நாட் சொல்வது எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்பதை.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் பத்துமலைக்குப் போங்கள். சுண்ணாம்புக்கல், நீர், கார்பன் டைஆக்சைடு மூன்றும் சேர்ந்து கால்சியம் அயனியும் பைகார்பனேட்டும் ஆகின்றன. இதன் கே சுமார் 10⁻⁶. டெல்டா ஜி நாட் கிட்டத்தட்ட +34 கிலோஜூல். தாளில் பார்த்தால் மலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிட்ட கார்பன் டைஆக்சைடு அங்கே வெளிக்காற்றைவிட மிக அதிகம். க்யூ, கே-வைவிடச் சிறிதாகிறது, பாறை கரைகிறது, குகை உண்டாகிறது. அதே நீர் குகைக் கூரையில் சொட்டும்போது வாயு காற்றுக்குத் தப்பிவிடுகிறது. இப்போது க்யூ பெரிது, வினை பின்னோக்கி ஓடுகிறது, கல்விழுது தொங்குகிறது. கரைவதும் படிவதும் ஒரே வினைதான், டெல்டா ஜி நாட்டும் ஒன்றேதான்.

எந்தக் கணக்கிலும் சமநிலை என்றதும் கே = 1 ஆகிவிடுகிறது

"சமநிலையில் டெல்டா ஜி பூஜ்யம்" என்ற வரியை எடுத்து டெல்டா ஜி நாட் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டீர்கள். சமநிலையில் பூஜ்யமாவது வட்டமில்லாத டெல்டா ஜி. அப்போது க்யூ-வும் கே-யும் சமம், அவ்வளவுதான். டெல்டா ஜி நாட் பூஜ்யம் ஆவது குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் மட்டும். அது அடுத்த அறிகுறி.

வெப்பநிலை வந்துவிட்டது, ஆனால் நிஜத்தோடு ஒட்டவில்லை

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் நீற்றுச் சுண்ணாம்பும் கார்பன் டைஆக்சைடும். டெல்டா எச் 178.3 கிலோஜூல், டெல்டா எஸ் 160.5 ஜூல். டெல்டா ஜி நாட் பூஜ்யமாகும் வெப்பநிலைக்கு முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1111 கெல்வின், அதாவது 838 பாகை. உடனே எல்லாரும் எழுதும் வரி: "838 பாகைக்குக் கீழே வினை நடக்காது." இந்த வரியில் இரண்டு கோளாறு.

முதலாவது, 838 என்ற எண்ணே தோராயம். டெல்டா எச்-உம் டெல்டா எஸ்-உம் 25 பாகை மதிப்புகள். அவை 800 பாகையிலும் மாறாமல் இருக்கும் என்று வைத்துக்கொண்டோம். அளந்து பார்த்தால் 900 பாகையை ஒட்டி வருகிறது. நீரின் கொதிநிலையை இதே மாதிரி கணக்கிட்டால் 100 வராமல் 97 வருவதும் இதனால்தான். அங்கே 75 பாகைதான் நீட்டிப் பார்க்கிறோம், அதனால் சறுக்கல் சிறியது.

இரண்டாவதுதான் முக்கியம். அந்த வெப்பநிலையில் கார்பன் டைஆக்சைடின் சமநிலை அழுத்தம் 1 பாரைத் தொடுகிறது. அதுதான் அதன் பொருள், "அதற்குக் கீழே ஒன்றும் நடக்காது" என்பதல்ல. திடப்பொருள்கள் இரண்டும் கே-யில் வராததால் கே என்பது அந்த வாயுவின் அழுத்தமே. திறந்த வெளியில் அந்த வாயு 0.0004 பார் அளவில்தான் இருக்கிறது. சமநிலை அழுத்தம் அதைத் தாண்டுவதற்கு, அதே தோராயக் கணக்கில், 520 பாகை போதும். ஆனாலும் சூளையை 900-க்கு மேல் ஏற்றுகிறார்கள். 520-இல் வினை ஊர்ந்துகொண்டிருக்கும்; தவிர, வெளிவரும் வாயு கல்லைச் சுற்றியே தேங்கும்.

அறை வெப்பநிலைக்கு வாருங்கள். டெல்டா ஜி நாட் +130.4 கிலோஜூல், கே 1.4 × 10⁻²³. காற்றில் இருக்கும் கார்பன் டைஆக்சைடு அதைவிட எத்தனையோ கோடி கோடி மடங்கு. அதனால் திசை தலைகீழ்: நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலிருந்து வாயுவை இழுத்துத் திரும்பவும் கல்லாகப் பார்க்கும். பாட்டியின் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை மூடாமல் விட்டால் மேலே ஏடு கட்டுவதும் இதன் உறவுக்கார வினைதான். அங்கே இருப்பது நீர் சேர்ந்த சுண்ணாம்பு.

அம்மோனியாவிலும் இதே சிக்கல். 92,200-ஐ 198.8-ஆல் வகுத்தால் 464 கெல்வின், 191 பாகை. அதற்கு மேலே டெல்டா ஜி நாட் ப்ளஸ். 450 பாகையில் அது தோராயமாக +50 கிலோஜூல். ஆனால் ஜெர்மனியின் ஓப்பாவில் 1913-இல் தொடங்கி இன்று கெடாவின் குரூன் உர ஆலை வரை, அம்மோனியா தயாரிப்பில் வெப்பநிலை 400, 500 பாகைக் கணக்கில்தான். அழுத்தம்தான் விடை. கலவையின் விகிதம் மாறாமல் எல்லா அழுத்தங்களையும் 200 மடங்காக்கினால், மேலே அடுக்கு இரண்டு, கீழே அடுக்கு நான்கு என்பதால், க்யூ 40,000 மடங்கு சிறிதாகிறது. 450 பாகையில் ஆர் டி எல்என் க்யூ-வில் அது 64 கிலோஜூல் இறக்கம். +50 அதற்குள் அடங்கிவிடுகிறது. அப்போதும் முழுசாக மாறாது. வந்த அம்மோனியாவைக் குளிர்வித்துப் பிரித்துவிட்டு மிச்ச வாயுவைத் திரும்பச் சுற்றுக்கு அனுப்புவார்கள். அதாவது க்யூ-வை ஓயாமல் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள்.

டெல்டா ஜி நல்ல மைனஸ். ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை

கணக்கில் பிழை தேடாதீர்கள், இங்கே பிழையே இல்லை. வைரம் கிராஃபைட்டாக மாற டெல்டா ஜி நாட் −2.9 கிலோஜூல். அதற்காக மஸ்ஜித் இந்தியா நகைக்கடைக்காரர் யாரும் தூக்கம் கெட்டுப் படுப்பதில்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த குடுவை −237-ஐ வைத்துக்கொண்டு பொறி வரும்வரை சும்மா இருக்கும். திசை வேறு, வேகம் வேறு. வேகத்தை முடிவு செய்வது கிளர்வு ஆற்றல், அதாவது வினை தொடங்கத் தாண்ட வேண்டிய தடை. அது கிப்ஸ் சூத்திரத்தில் எங்கும் இல்லை.

இதிலிருந்து கிளைக்கும் ஒரு தப்பு: "வினையூக்கி சேர்த்தால் கே கூடும்." கூடாது. சமநிலைக்குச் சீக்கிரம் போய்ச் சேரும், அதே சமநிலைக்கு. மேலே சொன்ன அம்மோனியா ஆலை 191 பாகைக்குக் கீழே ஓடாததற்குக் காரணம், அங்கே இரும்பு வினையூக்கியும் போதிய வேகம் தராது என்பதுதான்.

மின்கலக் கணக்கில் பாதி விடை

சூத்திரம் டெல்டா ஜி நாட் = −என் எஃப் ஈ: என் எலக்ட்ரான் எண்ணிக்கை, எஃப் ஃபாரடே மாறிலி, ஈ மின்கல வோல்ட். துத்தநாகம், செம்பு மின்கலம், 1.10 வோல்ட். −106 கிலோஜூல் வந்தால் எலக்ட்ரான் எண்ணிக்கை இரண்டைப் பெருக்க மறந்திருக்கிறீர்கள். −212 வர வேண்டும். +212 வந்தால் சூத்திரத்தின் முன்னால் இருக்கும் மைனஸ் விட்டுப்போயிருக்கிறது. சமன்பாட்டை இரட்டிப்பாக்கினால் டெல்டா ஜி நாட் இரட்டிக்கும், வோல்ட் இரட்டிக்காது, அங்கே 2.20 என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு 1.10 என்றே எழுதுங்கள்.